இரண்டேகால் கிலோ விசை

அத்தியாயம் ஐந்து

மூன்றாவது தடவையும் துப்பாக்கியின் சுத்தி விழுந்துவிட்டது.

கேப்டன் இப்பில் துப்பாக்கியை மேசை மேல் வைத்தார். முப்பது வருடம் கப்பலில் ஓடி, கரையேறிய பிறகு பிலிப்பைன்ஸின் டனாவ் மலையடிவாரத்தில் இந்தச் சுடுதளத்தை நடத்துகிறவர். போட்டி முடிந்ததும் முதல் மூன்று இடக்காரர்களின் துப்பாக்கிகளை அவர்தான் சோதிப்பார். டிரிக்கரில் ஒரு கொக்கியை மாட்டி, அதில் இரண்டேகால் கிலோ எடையைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். எடை தரையை விட்டு எழும்பிய பிறகும் சுத்தி விழாமல் நின்றால் துப்பாக்கி தேறியது. சார்ஜன்ட் தெல்மா சுமலினோக்கின் துப்பாக்கி மூன்று தடவையும் எடையைத் தரையிலேயே விட்டுவிட்டு 'டக்' என்றது.

"காலைல தேறுச்சே கேப்டன். நடுவர் ஒருத்தர்தானே ஸ்டிக்கர் ஒட்டினார்," என்றாள் தெல்மா.

"ஒட்டினார். அதுதாம்மா பிரச்சனை."

ஓரத்தில் கடை போட்டிருந்த துப்பாக்கி மெக்கானிக் போன்சோவைக் கூப்பிட்டார்கள். அவன் கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் மேசையில் இருந்த படிவத்தின் மேல் விழுந்து, தெல்மாவின் பெயரைக் கலைத்தது. அடுத்து அவன் ஒரு ஸ்பிரிங்கை எடுத்து விரலால் அமுக்கிக் காட்டினான். பஞ்சு மாதிரி அமுங்கியது.

"இது கம்பெனி ஸ்பிரிங் இல்ல," என்றான் போன்சோ. சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் கடைக்குத் திரும்பிப் போனான்.

துப்பாக்கி வெறுமனே தேறாமல் போயிருந்தால் அவளை வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். கோப்பை போகும், மானம் போகாது. காலையில் தேறியது மதியம் விழுந்தால் அதற்கு வேறு பெயர். நடுவர் குழுவில் கேப்டனோடு இருந்த மற்ற இரண்டு பேரும் 'மோசடி' என்று எழுதச் சொன்னார்கள். கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டார். மூன்று மணி வரை ஆட்சேபம் சொல்லலாம். மூன்று அடித்தால் முடிவு சங்கத்துக்குப் போய்விடும். தெல்மா போலீசில் சுடும் பயிற்சி கொடுப்பவள். மோசடிக்காரி என்று ஒரு காகிதம் போனால் மறுநாள் காலையில் அவளுக்குச் சீருடை கிடையாது.

அப்போது மணி இரண்டு.

ஓடிப்போய் யாரையாவது பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பன்னிரண்டரைக்குப் பிடித்த மழை ஆற்றுப் பாலத்தை விழுங்கிவிட்டது. நாற்பது பேர், ஒரு தகரக் கூரை, மூன்று பக்கமும் மண்மேடு, நாலாவது பக்கம் செந்தண்ணீர். செல்போன் கோபுரமும் எங்கோ படுத்துவிட்டது. கேப்டனின் அறையில் இருக்கும் வயர்லெஸ் ஒன்றுதான் வெளியுலகம். அவரிடம் அனுமதி வாங்காமல் தும்மினால்கூட வெளியே கேட்காது என்ற நிலைமை.

இந்த நாற்பது பேரில் இரண்டு பேர் நமக்கு வேண்டியவர்கள்.

ஒருவர் செவெரோ கபாஹுக். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்து ஓய்வு பெற்று, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர்; சின்னவர்களுக்கெல்லாம் 'மனோங்', அதாவது அண்ணன். முதியோர் பிரிவில் சுட்டுக் கடைசிக்கு முந்தின இடத்தைப் பெருமையோடு பிடித்திருந்தார். இன்னொருத்தி பெலின். உள்ளூர் வானொலியில் செய்தி வாசித்தவள். ஒரு மந்திரியின் திறப்பு விழாச் செய்தியை வாசிக்கும்போது சிரித்துவிட்டதால் வேலை போய், செவெரோவிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். துப்பாக்கி என்றால் எந்தப் பக்கம் குண்டு வரும் என்பது மட்டும் தெரியும். ஓசிச் சாப்பாட்டுக்காகக் கூட வந்தவள் இப்படி மாட்டிக்கொண்டாள்.

தெல்மா செவெரோவைத் தேடி வந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பெலினுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மனோங் செவெரோ, நான் தொடல. நீங்களாவது நம்புங்க."

"நம்பறது இருக்கட்டும். நீ கடைசியா சுட்டது எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு. சுட்டுட்டு, துப்பாக்கியைப் பையில வெச்சு, அந்த ஸ்டாண்டுல மாட்டினேன். முதல் மூணு பேரும் பையை அங்கதான் விடணும்னு கேப்டன் உத்தரவு."

"அப்போ டிரிக்கர் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான். இவ்வளவு லேசா இருந்திருந்தா முதல் குண்டுலயே எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"சரி. நீ போய் உக்காரு. யார்கிட்டயும் கோவப்படாத."

அவள் போனதும் பெலின் கிசுகிசுத்தாள். "மனோங், ஒரு ஸ்பிரிங் மாத்தினதுக்கா இவ்வளவு? எல்லாரும்தான் துப்பாக்கியில என்னென்னவோ ஒட்டி வெச்சிருக்காங்க."

"பிடியில வழுக்காம இருக்க டேப் ஒட்டலாம். குறிபார்க்கிற முள்ளை மாத்தலாம். பிடியைச் சூடு போட்டு சொரசொரப்பாக்கக் கூடாது. இந்தப் பிரிவுல டிரிக்கரோட முதல் இழுப்பு இரண்டேகால் கிலோவுக்குக் குறையக் கூடாது."

"புரிஞ்சுது. அழகிப் போட்டி மாதிரி. பவுடர் போடலாம், மூக்கை மாத்தக் கூடாது."

"ஏறக்குறைய. இப்ப சொல்லு, போன்சோ தகட்டைக் கழட்டினப்ப முதல்ல என்ன பார்த்த?"

"ஸ்பிரிங்."

"அதுக்கு முன்னாடி?"

பெலின் யோசித்தாள். "தண்ணி. படிவத்துல சொட்டுச்சு."

"தெல்மாவோட பையைப் போய்த் தொட்டுப் பாரு."

தொட்டுவிட்டு வந்தாள். பை உள்ளேயும் வெளியேயும் பப்படம் போலக் காய்ந்திருந்தது. ஸ்டாண்டுக்கு மேலே கூரையில் ஒழுகலும் இல்லை.

"பை காய்ஞ்சிருக்கு, துப்பாக்கியோட வயித்துக்குள்ள தண்ணி," என்றாள். "மழைக்கோட்டுக்குள்ள பையை மறைச்சு யாரோ கொண்டுபோயிருக்காங்க. கொண்டுபோய் நட்ட நடு மழையில நின்னு பிரிச்சிருக்காங்க, வெளிப்பக்கத்தை மட்டும் துடைச்சுத் திரும்ப வெச்சிருக்காங்க. எந்தக் கிறுக்கன் மனோங் அது? கார் இருக்கு, கழிப்பறை இருக்கு, போன்சோ கடைக்குப் பின்னாடி இருட்டா ஒரு சந்து இருக்கு."

"அந்தக் கிறுக்கனைத்தான் தேடணும். போன்சோகிட்ட ஆரம்பிப்போம்."

போன்சோவின் கடை என்பது ஒரு மேசை, ஒரு குடை, நாலு டப்பா. அவன் ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து காய்ந்த மாம்பழத் துண்டு மென்றுகொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

"எல்லாரும் என்னைத்தான் சொல்வாங்கன்னு தெரியும். ஸ்பிரிங் விக்கிறவன் நான்தானே."

"இந்த ஸ்பிரிங்கை நீ யாருக்காவது வித்தியா?"

"போன மாசம் அதே மாதிரி பத்துப் பேருக்கு வித்தேன். வேற பிரிவுக்காரங்களுக்கு அது சட்டப்படி சரி. யார் எதுக்கு வாங்கறாங்கன்னு நான் கேக்கறதில்ல."

"துப்பாக்கியை எங்க வெச்சுப் பிரிப்ப?"

போன்சோ தன் தொடையைத் தட்டினான். "இதோ, இங்க. போன வருஷம் இப்படி மடியில வெச்சுப் பிரிச்சதுக்குத்தான் கேப்டன் என்னை ரெண்டு மாசம் உள்ள விடல. நடுவருங்க சோதிக்கிறப்ப தவிர, துப்பாக்கியைப் பையிலருந்து எடுக்கணும்னா அந்தப் பாதுகாப்பு மேசைக்குத்தான் போகணுமாம், குழல் மண்மேட்டைத்தான் பார்க்கணுமாம். எனக்கு அதெல்லாம் வராது. மெக்கானிக் வேற, சுடறவன் வேற."

பாதுகாப்பு மேசை கூரைக்கு வெளியே, ஐம்பது அடி தள்ளி, மண்மேட்டைப் பார்த்தபடி மழையில் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கூரை கிடையாது. செவெரோ அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பெலினும் பார்த்தாள். அவளுக்கு நனைந்த மேசைதான் தெரிந்தது.

"மழை ஆரம்பிச்சதும் வெளிய போனது யாரு?" என்று கேட்டார்.

"அட்டை இலக்கெல்லாம் ஊறிடும்னு பிளாஸ்டிக் உறை மாட்ட ஆறு பேர் ஓடினாங்க," என்றாள் பெலின். "எல்லாரும் மழைக்கோட்டு. கேப்டனோட சேர்த்து ஆறு."

"ரோமெல்?"

ரோமெல் கேப்டனின் மகன். இன்றைக்கு இரண்டாம் இடம். தெல்மா போனால் முதலிடமும், நாட்டு அணியில் ஓர் இடமும் அவனுக்குத்தான். கூரைக்குக் கீழே இருந்த பாதிப்பேர் ஏற்கெனவே அவனை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அவன் இல்ல மனோங். பன்னெண்டரையிலருந்து ஒண்ணரை வரைக்கும் என் பக்கத்துல உக்காந்திருந்தான். ஓலைப் பொட்டலச் சோறு மூணு தின்னான். என் தட்டுல இருந்த மீனையும் பேச்சுக் குடுத்தே தின்னுட்டான். எனக்கு அவன் மேல கோவம் இருக்கு, ஆனா பொய் சாட்சி சொல்ல முடியாது."

"என்ன பேசினான்?"

"அவங்கப்பாவைப் பத்தித்தான். நாலு வருஷம் முன்னாடி இதே போட்டியில முதலிடத்துல இருந்தானாம். கடைசி ரவுண்டுக்கு முன்னாடி கார் பானெட் மேல துப்பாக்கியை வெச்சுத் துடைச்சிருக்கான். குண்டில்லாத துப்பாக்கி. அப்பா பார்த்துட்டு, நாற்பது பேர் முன்னாடி அவனைப் போட்டியை விட்டு நீக்கி வீட்டுக்கு அனுப்பிட்டாராம். அணியில இடம் போச்சு. அன்னிலருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது."

செவெரோ தலையாட்டினார். அவருக்கு முழங்கால் வலி வந்தால் முகம் எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கியது.

"பெலின், நீ ஒரு வீட்டுக்குத் திருடப் போற. வாசல்ல செருப்பைக் கழட்டுவியா?"

"பைத்தியமா எனக்கு?"

"கழட்டற ஒருத்தன் இருக்கான். மணி என்ன?"

"ரெண்டே முக்கால்."

"நான் இப்ப எல்லார் முன்னாடியும் ஒரு தப்புப் பண்ணப் போறேன். தப்புன்னு உனக்குத் தெரியும். திருத்திடாத."

 அவருடைய தப்புகளைப் பெலின் அறிவாள். அவை பெரும்பாலும் உதையில் முடியும். இன்றைக்கு ஓடவும் இடமில்லை.

செவெரோ நடுவர் மேசைக்கு முன்னால் போய் நின்றார். சின்னக் கூரைதான், பேச்சுக்கள் தானாக அடங்கின. தெல்மா பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.  

"சார்ஜன்ட் தெல்மா சார்பா ஆட்சேபம் சொல்றேன்," என்றார் செவெரோ. "அவங்க துப்பாக்கியைப் பிரிச்சது வேற ஆள். ஒரு மணி வாக்குல."

"ஆதாரம்?" என்றார் குழுவில் ஒருவர்.

"சொல்றேன். வெளிய கொட்டற மழை. உள்ள நாற்பது பேர். துப்பாக்கியை நிதானமா பிரிச்சு மாத்தறதுக்குத் தனியா, வெளிச்சமா ஒரே இடம்தான் இருக்கு. கேப்டனோட ஆபீஸ் ரூம். சாவி ஒருத்தர்கிட்டதான்."

கூரை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. பெலின் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீரை எங்கே விட்டார் இவர்? காய்ந்த அறையில் பிரித்தால் உள்ளே எப்படி ஈரம் வரும்? வாயைத் திறக்கப் போனவள், அவர் சொன்னது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கேப்டன் இப்பில் நிதானமாகத்தான் இருந்தார். "கபாஹுக், வயசுக்கு மரியாதை குடுத்துக் கேக்கறேன். என்னைச் சொல்றியா?"

"உங்களைத்தான் கேப்டன். ஆபீஸ் மேசை மேல, பேப்பர் வெயிட்டுக்கும் காப்பிக் கோப்பைக்கும் நடுவுல வெச்சுப் பிரிச்சீங்க. குழல் எந்தப் பக்கம் பார்த்துச்சுன்னுகூட நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் ஐம்பது பேர் சாப்பாட்டுக்கு வரிசையில நின்னுட்டிருந்தாங்க."

"நாற்பது பேர்," என்றார் கேப்டன். அவருடைய குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் தடித்தது.

"நாற்பது பேரையும் பார்த்து நீட்டியிருக்கீங்க."

"வாயை அடக்கிப் பேசு. இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தளத்துல ஒரு குண்டு தவறி வெடிச்சதில்ல."

"ஊருக்குத்தான் உபதேசம். மேசைக்குப் போங்க, மண்மேட்டைப் பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்வீங்க. உங்களுக்குன்னு வரும்போது ஆபீஸ் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு..."

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. ரோமெல் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"அப்போ அந்தச் சட்டம் எனக்கு மட்டும்தானாப்பா?" என்றான். "நான் கார் பானெட்ல வெச்சா குத்தம். நீங்க ஆபீஸ்ல வெச்சா பரவால்ல."

நாலு வருடத்தில் அவன் அவரிடம் சொன்ன முதல் வார்த்தைகள் அவைதான்.

கேப்டன் மகனைப் பார்த்தார். செவெரோவை, குழுவை, தெல்மாவை எல்லாம் மறந்துவிட்டுப் பார்த்தார்.

"இல்லடா," என்றார். "ஆபீஸ்ல இல்ல. சத்தியமா ஆபீஸ்ல எடுக்கல."

"பின்ன எங்க?"

"மேசையிலதான். பாதுகாப்பு மேசையிலதான்டா எடுத்தேன். பை நனையாம கோட்டுக்குள்ளயே வெச்சு அங்க கொண்டுபோய், குழல் மண்மேட்டைப் பார்க்க வெச்சுத்தான் ஜிப்பையே திறந்தேன். குண்டு இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்தேன். உன்னை அனுப்பின சட்டத்தை நான் எப்படிடா மீறுவேன்?"

 தான் என்ன சொல்லிவிட்டோம் என்று கேப்டனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் நாற்காலியின் பிடியைத் தேடி உட்கார்ந்தார்.

செவெரோ குரலை இறக்கினார். "மன்னிச்சிடுங்க கேப்டன். ஆபீஸ்ல எடுக்கலன்னு எனக்குத் தெரியும். கைப்பிடிக்குள்ள மழைத்தண்ணி இருந்துச்சு. திருட்டு வேலைக்குப் போறப்பகூட அந்த மேசைக்குப் போய் நனைஞ்சுக்கிட்டே நிக்கிற ஆளு இந்தத் தளத்துல ஒருத்தர்தான். ஆனா அதை வெச்சு யாரையும் குத்தவாளின்னு எழுத முடியாது. நீங்களா சொன்னாத்தான் உண்டு."

கேப்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்தது. ஆற்றில் எறிந்திருக்கலாம். அடுத்தவர் துப்பாக்கியின் பாகத்தை எறிய மனம் வரவில்லை போலிருக்கிறது.

"வேற பிரிவுக்கு மாத்திட்டு விட்டுடுவாங்கன்னுதான் நெனச்சேன்," என்றார் தெல்மாவைப் பார்த்து. "மோசடின்னு எழுதச் சொன்னப்ப நிறுத்தியிருக்கணும். நிறுத்தினா நான்தான்னு தெரிஞ்சிடும். ரெண்டு மணியிலருந்து அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு எந்தப் பக்கம் எழுந்து போறதுன்னு தெரியாம இருந்தேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன் கேப்டன்," என்றாள் தெல்மா. "என்ன, நான் எந்தத் தப்பும் பண்ணாம இருந்தேன்."

போன்சோ வந்து பழைய ஸ்பிரிங்கை மாட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அந்தப் பாதுகாப்பு மேசைக்கு நடந்துபோய், மழையில் நனைந்துகொண்டே மாட்டிக்கொண்டு வந்தான். குழுவில் இருந்தவர் கொக்கியைப் பிடித்தார். எடை தரையை விட்டு எழும்பியது. ஒரு சாண், இரண்டு சாண் உயர்ந்தது. சுத்தி அசையவில்லை. மணி மூன்றாக நாலு நிமிடம் இருக்கும்போது 'மோசடி' என்று எழுதிய காகிதத்தைக் குறுக்காகக் கிழித்தார்கள்.

தெல்மா எழுந்து நின்றாள்.  பிறகுதான் அழுதாள். பெலின் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். 

"எதுக்குப்பா?" என்று கேட்டான் ரோமெல். அவன் தூணை விட்டு நகர்ந்து நாற்காலிக்கு முன்னால் வந்திருந்தான்.

"உன் இடத்தை நான்தானே பறிச்சேன். திருப்பிக் குடுக்கலாம்னு..."

"அணியில எனக்கு இடம் வேணாம்னு நான் நாலு வருஷம் முன்னாடியே விட்டுட்டேன்."

கேப்டனுக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்குடா ஒவ்வொரு போட்டிக்கும் வந்து இப்படி உயிரைக் குடுத்துச் சுடற?"

 நாற்பது பேர் நடுவில் சொல்கிற விஷயமா அது என்று ரோமெல் யோசித்திருக்கலாம். வெளியே போய்ச் சொல்லவும் வழியில்லை. பாலம் இன்னும் தண்ணீருக்கு அடியில்தான் இருந்தது.

"முதல் மூணு இடத்துக்குள்ள வந்தாத்தான்," என்றான், "நீங்க என் துப்பாக்கியைக் கையில வாங்கிப் பார்ப்பீங்க. அந்த அஞ்சு நிமிஷம் உங்க பக்கத்துல நிக்கலாம்."